சுமைச் சட்டை

(1966 முதல் 1973 வரை கல்லூரியிற் கற்ற பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

பழைய மாணவர் சங்கத்தின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, கல்லூரி வாழ்வின் நினைவுகளையே யான் எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அந்நினைவுகளை என்னினும் வல்லோர் பலர் இம்மலரில் எழுதுவர். அவ்வல்லோரும் என்னைப் போன்ற ஏனையோரும் இன்று கூடுமிடமெல்லாம் பேசிக்கொள்ளும் பொருளொன்றைப் பற்றி எழுத யான் துணிந்தேன். எழுபது வயதைத் தாண்டிய பழைய மாணவர் நால்வர் ஓரிடத்திற் கூடினால், முதற் பத்து நிமிடம் ஆசிரியர்களையும் இல்ல விளையாட்டுப் போட்டிகளையும் பற்றிப் பேசுவர். அடுத்த ஒரு மணி நேரம் நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் என்னும் மூன்றையும் பற்றிப் பேசுவர். அண்மைக் காலத்தில் இம்மூன்றோடு நான்காவதாக ஒன்று வந்து சேர்ந்துள்ளது. அதுவே சுமைச் சட்டை.

ஆங்கிலத்தில் ‘வெயிற்றட் வெஸ்ற்’ என வழங்கும் இச்சட்டை கையில்லாத தடித்த மேற்சட்டையாகும். முன்னும் பின்னும் சிறு பைகள் வரிசையாகத் தைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் இரும்புத் துண்டுகளையோ மணற் பொதிகளையோ வேண்டிய அளவு இட்டு, வாரினால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடத்தலும் ஓடுதலும் படியேறுதலும் செய்வர். தூரதேசத்திலிருக்கும் என் மகன் அனுப்பிய சட்டையில் அரைக் கிலோ எடையுள்ள 20 துண்டுகள் உள. எல்லாவற்றையும் இட்டால் 10 கிலோ; நம் பழைய கணக்கில் 22 றாத்தல். இதனை அணிந்து பயிலுதல் நன்மையா தீமையா என்பதே நண்பர்கள் என்னிடம் வினவும் வினா. பௌதிகங் கற்பித்து ஓய்வு பெற்றவன் ஆதலின், அளந்து பாராத பொருளுக்கு விடை கூற எனக்கு மனம் வருவதில்லை. இரண்டு ஆண்டுகளாக யான் அணிந்து அறிந்ததையும், ஆராய்ச்சியாளர் அளந்து கண்டதையும் சேர்த்து ஈண்டு வைக்கின்றேன்.

புதுமையெனப் பலர் கருதும் இவ்வழக்கம் மிகப் பழையது. உரோமப் பேரரசின் பிற்காலத்தில் வாழ்ந்து, படைப்பயிற்சி முறைகளைத் தொகுத்தெழுதிய வெகேற்றியஸ் என்பார், புதிதாகச் சேர்ந்த வீரர் 60 உரோம றாத்தற் சுமையோடு அடிக்கடி நடைபயில வேண்டும் என்றார். மெய்யான வாளினும் இருமடங்கு எடையுள்ள மரவாளால் அவர்கள் பயிலவேண்டும் என்றும் குறித்தார். பாரமான மரவாளைக் கைவிட்டு மெய்வாளை ஏந்துங்கால் அஃது இலேசாகத் தோன்றும் என்பது கருத்து. நம் காலத்திலும் இவ்வழக்கம் படைவீரரிடமிருந்தே பெரிதும் பரவியது. 2005 ஆம் ஆண்டு யூன் மாதம் ஆப்கானிஸ்தானத்தில் உயிர்நீத்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி மைக்கல் மேர்பி கவச உடையணிந்து செய்துவந்த பயிற்சி, இன்று அவர் பெயராலேயே பல நாடுகளிற் செய்யப்படுகின்றது. ஒரு மைல் ஓட்டம்; சட்டத்தில் தொங்கி உடலை மேலிழுத்தல் 100 முறை; தண்டால் 200 முறை; குந்தியெழுதல் 300 முறை; மீண்டும் ஒரு மைல் ஓட்டம். இவையனைத்தையும் 20 றாத்தற் சட்டையோடு செய்தல் வேண்டும். இளைஞர் பலர் இச்சட்டையை விரும்புதற்கு இப்பயிற்சியும் ஒரு காரணம்.

எனக்கு இதில் ஆர்வம் உண்டானது வேறொரு காரணத்தால். என் மூத்த சகோதரியார் தமது 76 ஆம் வயதில் வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்தார். விழுந்தது சிறு விழுகை, முறிந்ததோ இடுப்பெலும்பு. சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆயினும் அதன்பின் அவர் கைத்தடியின்றி நடந்ததில்லை. மீண்டும் விழுந்துவிடுவேனோ என்னும் அச்சம் அவரைப் படலையைத் தாண்ட விடவில்லை. நாடோறும் கோயிலுக்கு நடந்து சென்றவர், தேர்த்திருவிழாவன்று மேளச்சத்தம் கேட்கும் திசையை நோக்கிக் கைகூப்பியபடி திண்ணையில் இருந்தார். ஈராண்டில் அவர் காலமானார். அவரைக் கொண்டுசென்றது ஒரு நாள் விழுகை அன்று. பல ஆண்டுகளாக ஓசையின்றித் தேய்ந்த எலும்பும் தசையுமே என்பதை யான் அப்பொழுது உணர்ந்தேன். அந்தியேட்டி முடிந்த அடுத்த மாதம் என் எலும்பின் அடர்த்தியை அளப்பித்தேன். என் எலும்பும் இருக்கவேண்டிய அளவிற் குறைந்துவிட்டதென முடிவு வந்தது.

எலும்பு சுவரிலுள்ள கல்லைப் போல உயிரற்ற பொருளன்று. அது நாடோறும் அழிந்து நாடோறும் புதிதாகக் கட்டப்படுவது. எந்தப் பக்கத்தில் அழுத்தம் மிகுகின்றதோ அந்தப் பக்கத்தில் உறுதி பெறும், அழுத்தமில்லாவிடத்துக் கரையும். இவ்வுண்மையை யேர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் யூலியஸ் வுல்ப் 1892 ஆம் ஆண்டு ஒரு விதியாகவே எழுதி வெளியிட்டார். இதற்குச் சிறந்த சான்று விண்வெளிப் பயணிகள். தம் உடலின் பாரமே தோன்றாத இடத்தில் வாழும் அவர்கள், உடலைத் தாங்கும் எலும்புகளின் அடர்த்தியில் மாதமொன்றுக்கு நூற்றுக்கு 1 முதல் 1.5 வரை இழக்கின்றனர். பாரம் நீங்கினால் எலும்பு தேயும் என்றால், பாரத்தைக் கூட்டினால் எலும்பு வளருமன்றோ என்னும் எண்ணம் இயல்பாகவே தோன்றும். சுமைச் சட்டையின் மீது முதியோர் பலர் நம்பிக்கை கொள்வதற்கு வேராயிருப்பது இவ்வெண்ணமே.

நம்பிக்கையை ஆய்வாளர் அளந்து பார்த்துள்ளனர். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2000 ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாதவிடாய் நின்ற பெண்களுள் ஒரு சாரார் சுமைச் சட்டை அணிந்து குந்தியெழுதல் முதலிய பயிற்சிகளைச் செய்ததோடு துள்ளிக் குதித்தலையும் ஐந்து ஆண்டுகள் விடாது செய்தனர். அவர்தம் இடுப்பெலும்பு தேயாமல் நின்றது. பயிற்சி செய்யாதோர் எலும்பு தேய்ந்தது. எனினும் இவ்வாய்விற் பங்குகொண்டோர் 18 பேர் மாத்திரமே. இதனை மறவாது மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இதற்கு மாறாக, அமெரிக்காவின் வேக் பொறெஸ்ற் பல்கலைக்கழகத்தார் 2025 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு பெரியது. உடற்பருமன் மிக்க முதியோர் 150 பேர் ஓராண்டு உணவைக் குறைத்து மெலிந்தனர். ஒரு பகுதியார் உணவுக் கட்டுப்பாடு மாத்திரம் கொண்டனர். இன்னொரு பகுதியார் நாளின் பெரும்பகுதி சுமைச் சட்டையை அணிந்திருந்தனர். மூன்றாம் பகுதியார் பாரந்தூக்கிப் பயின்றனர். மெலிவோர் இழக்கும் எலும்பைச் சட்டை காத்துத் தரும் என எதிர்பார்த்தனர். அது காக்கவில்லை, மூன்று பகுதியாரும் ஏறக்குறைய ஒரே அளவில் இடுப்பெலும்பை இழந்தனர்.

இவ்விரு முடிவுகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஒன்று புலனாகும். சட்டையை அணிந்திருத்தல் வேறு. அணிந்து பயிலுதல் வேறு. மெதுவாக, ஒரே சீராக வரும் பாரத்துக்கு எலும்பு பெரிதுஞ் செவிசாய்ப்பதில்லை. திடீரென வருகின்ற, வழக்கத்தின் மிக்க, பல திசைகளிலும் தாக்குகின்ற விசைக்கே அது விடையளிக்கின்றது. அவுஸ்திரேலியாவின் கிரிபித் பல்கலைக்கழகத்தார் 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் இதனை வலியுறுத்தும். எலும்பு நலிந்த பெண்கள் 101 பேரிற் பாதியளவினர், பயிற்றுநரின் நேரடி மேற்பார்வையில், வாரத்துக்கு இருமுறை அரைமணி நேரம் வன்மையான பாரந்தூக்கலும் குதித்தலும் எட்டு மாதங்கள் செய்தனர். அவர்தம் முதுகெலும்பின் அடர்த்தி நூற்றுக்கு மூன்றளவு கூடிற்று. ஆகவே எலும்புக்காகச் சட்டை வாங்குவோர், சட்டையைத் தோளில் மாட்டியவுடனே எலும்பு வளரத் தொடங்குமென எண்ணுதல் வேண்டா.

அவ்வாறாயின் சட்டையால் நன்மையே இல்லையோ எனின், உண்டு. முதலாவது, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் உரிய பயிற்சி. ஒருவன் வழக்கமாக நடக்கும் வேகத்திலேயே நடந்தாலும், சுமையின் அளவுக்கேற்பச் சக்திச் செலவு கூடும், மூச்சு விரையும். முழங்கால் காரணமாக ஓட இயலாதவர், நடையை விரைவுபடுத்த விரும்பாதவர் ஆகியோருக்கு இஃது ஒரு வழி. சுமையை எங்கே தாங்குகிறோம் என்பதும் முதன்மையானது. கணுக்காலிற் கட்டும் சுமையைச் சிலர் விரும்புவர். பாதத்தருகே கட்டிய ஒரு கிலோவை ஒவ்வோர் அடிக்கும் முன்னே வீசி நிறுத்த வேண்டியிருத்தலின், அது நெஞ்சிற் சுமந்த ஒரு கிலோவினும் பன்மடங்கு சக்தியைச் செலவிடச் செய்யும். நடையின் இயல்பையும் கெடுக்கும். சட்டையின் சுமையோ உடலின் நடுவில், முன்னும் பின்னும் ஒத்த அளவில் நிற்பது. ஒரு தோளில் மாட்டிய பையினும் முதுகில் மாத்திரம் தொங்கும் பையினும் இது மேலானது.

சுமக்கும் முறையிலேயே வித்தை உண்டென்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். கென்யாவின் லுவோ, கிக்கூயு இனப் பெண்கள், தம் உடலெடையில் ஐந்திலொரு பங்கு பாரத்தைச் சுமந்து நடந்தும், வெறுங்கையோடு நடப்போரினும் மிகுதியாகச் சக்தியைச் செலவிடுவதில்லை என 1986 ஆம் ஆண்டு அளந்து கண்டனர். சிறுவயது முதல் பயின்ற நடையே அதற்குக் காரணம். அதை வாசித்தபொழுது, விடியற்காலையிற் கடகத்தைத் தலையில் வைத்துக் கையால் தொடாமலே சந்தைக்கு நடந்த நம்மூர்த் தாய்மாரின் நிமிர்ந்த கழுத்து என் நினைவுக்கு வந்தது. அவர்தம் நடையை அன்று ஒருவரும் அளந்து பார்த்ததாக யான் அறியேன்.

இரண்டாவது நன்மை, கால்களின் வலிமை. 1980களின் நடுப்பகுதியில் இத்தாலிய ஆய்வாளர் கார்மெலோ பொஸ்கோ, தேர்ந்த பாய்ச்சல் வீரர்களுக்கு அவர்தம் உடலெடையில் நூற்றுக்கு 13 அளவான சட்டையை அணிவித்தார். காலை முதல் மாலை வரை, உறங்கும் நேரம் தவிர, மூன்று வாரங்கள் அவர்கள் அதனைக் கழற்றவில்லை. பின்னர் கழற்றிவிட்டுக் குதித்தபொழுது முன்னினும் வலிமையோடு குதித்தனர். வெகேற்றியசின் மரவாள் மெய்ப்பிக்கப்பட்டது எனலாம். ஆயின் கதையின் மறுபாதியையும் கூறுதல் முறையாகும். சட்டையைக் கைவிட்ட சில வாரங்களில் அவ்வலிமை பழைய நிலையை நோக்கித் திரும்பிற்று. சுமை கடனாகத் தந்ததைச் சுமை நீங்கியதும் உடல் திருப்பிக் கொடுத்துவிடுகின்றது.

மூன்றாவதாகக் கூறப்படுவது உடலெடை குறைதல். சுவீடனின் கோதென்பேர்க் நகரத்து ஆய்வாளர் 2020 ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். பருமன் மிக்க 69 பேரில் ஒரு பகுதியார் உடலெடையில் நூற்றுக்கு 11 அளவான சட்டையையும், மறுபகுதியார் நூற்றுக்கு 1 அளவான சட்டையையும் நாளுக்கு எட்டு மணி நேரம் மூன்று வாரங்கள் அணிந்தனர். பாரச்சட்டை அணிந்தோர் சராசரி 1.6 கிலோவும், இலேசான சட்டை அணிந்தோர் 0.3 கிலோவும் குறைந்தனர். இது நல்ல செய்தியே. ஆயின் மூன்று வாரச் செய்தி. மூன்று ஆண்டுச் செய்தியாக அதனைப் பரப்புதல் தகாது.

இனித் தீமைகளைக் கூறுவேன். முதலாவது முழங்கால். முழங்கால் தேய்வுடைய முதியோரிடை 2005 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில், உடலெடை ஒரு றாத்தல் குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதுள்ள விசை நான்கு றாத்தல் குறையும் எனக் கண்டனர். இதன் மறுதலையைச் சட்டை அணிவோர் எண்ணிப் பார்த்தல் நன்று. நாளொன்றுக்கு ஐயாயிரம் அடி நடப்பவர் ஐயாயிரம் முறை அந்தக் கடனைச் செலுத்துகின்றார். இரண்டாவது முதுகெலும்பு. எலும்பு மிக நலிந்தோர், முன்பே முதுகெலும்பு நசுங்கியோர், கழுத்து முதுகு நோவுடையோர் ஆகியோர் சுமையோடு முன்புறங் குனிதல் ஆபத்தானது. எலும்பைக் காக்க அணிந்த சட்டையே எலும்பை முறித்தல் கூடும்.

மூன்றாவது வெப்பம். இச்சட்டைகள் பெரும்பாலும் குளிர்நாட்டாருக்காகச் செய்யப்பட்டவை. நம் நாட்டிற் சித்திரை வைகாசி மாதங்களிற் காலை எட்டு மணிக்கே வியர்வை வழிந்தோடும். அவ்வியர்வை ஆவியாகிச் செல்லும் வழியைத் தடித்த சட்டை நெஞ்சிலும் முதுகிலும் அடைத்துவிடும். உடற்சூடு தணியாது ஏறும். இதய நோயும் இரத்த அழுத்தமும் உடையோருக்கு இது சிறிய செய்தியன்று. நான்காவது மூச்சு. வாரை இறுகக் கட்டினால் நெஞ்சு விரியாது. தளரக் கட்டினால் சட்டை துள்ளித் தோளை உரசும். ஐந்தாவது சமநிலை. மேலுடம்பு பாரமாயின் தடுமாறிய காலை மீட்டு நிறுத்தல் அரிது. விழாமல் இருப்பதற்காகப் பயிலும் முதியவர், பயிலும்பொழுதே விழுதல் ஆகாது.

என்னோடு ஒரே வகுப்பிற் கற்ற நண்பரொருவர் இச்சட்டையை வாங்கிய முதல்நாளே 10 கிலோவையும் இட்டுக்கொண்டு நடைக்கு வந்தார். சிறிது குறைக்கலாமே என்றேன். “மச்சான், வெங்காய மூடை தூக்கின தோளடா இது” என்று சிரித்தார். அவர் கூறியது மெய். தந்தையாரின் தோட்டத்தில் மூடை தூக்கியவர்தாம். ஆயின் அந்தத் தோள் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தியது. இரண்டாம் வாரத்தில் அவர் முழங்கால் வீங்கிற்று. மூன்று மாதம் அவர் நடைக்கு வரவில்லை. சட்டை அவர் வீட்டு அலுமாரியில் இருக்கின்றது. அளவின்றி ஏற்றினால் மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும் என்பதை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் அவரும் யானும் ஒரே வாங்கிலிருந்து மனனஞ் செய்தோம்.

சுமை சுமந்தாலே உடல் நலம் பெறும் என்பது உண்மையாயின், கொழும்புப் புறக்கோட்டையில் மூடை சுமக்கும் நாட்டாமைகளும், மலைநாட்டிற் கொழுந்துக் கூடையை முதுகில் தாங்கிச் சரிவுகளில் ஏறியிறங்கும் பெண்களுமே நம் நாட்டில் மிக்க உடல்நலமுடையோராதல் வேண்டும். அவர்தம் காலும் தோளும் வலியன என்பதில் ஐயமில்லை. ஆயின் பாரஞ் சுமக்குந் தொழில் முதுகு நோவுக்கும் மூட்டுத் தேய்வுக்கும் ஏதுவாதலைப் பல நாட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன. வேறுபாடு எங்கே உள்ளது? தசையும் எலும்பும் சுமக்கும்பொழுது வளர்வதில்லை. சுமையை இறக்கி வைத்து, உண்டு, உறங்கி எழும் இடைவேளையிலேயே வளர்கின்றன. நாம் சட்டையை வேண்டியபொழுது கழற்றலாம். கூலிக்குச் சுமப்போர் தம் சுமையை வேண்டியபொழுது இறக்க இயலாது. ஆசைக்காகச் சுமக்கும் நாம், அரிசிக்காகச் சுமப்போரின் முன் இச்சட்டையைப் பற்றிப் பெருமை பேசாதிருத்தல் பண்பாகும்.

என் பயிற்சியைச் சுருங்கக் கூறுவேன். எலும்பளவு முடிவோடு யான் சென்று கண்ட வைத்தியரும் நம் கல்லூரியின் பழைய மாணவரே. எனக்குப் பல ஆண்டு இளையவர். சட்டையைப் பற்றிக் கேட்டதும், “சேர், நீங்கள் போடுறதை நான் மறிக்கேல்லை. முதலிலை கை ஊன்றாமல் இந்தக் கதிரையிலை இருந்து எழும்பி எழும்பி இருந்து காட்டுங்கோ” என்றார். அரை நிமிடத்தில் ஒன்பது முறை எழுந்தேன். “உங்கடை உடம்பையே தூக்கக் கஷ்டப்படுறியள், அதுக்குள்ளை இரும்பு எதுக்கு?” என்று கேட்டார். முதல் ஆறு வாரங்கள் சட்டையைத் தொடாமல், நாடோறும் நடையும் கதிரையிலிருந்து எழுதலும் படியேறுதலும் செய்தேன். ஒன்பது பன்னிரண்டாயிற்று. சட்டை அணியுமுன்னரே மூன்று கூடியதை வாசகர் கவனித்தல் வேண்டும்.

அதன்பின் 1 கிலோவோடு தொடங்கி, இரு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோவாகக் கூட்டி, நான்கு மாதத்தில் 5 கிலோவை அடைந்தேன். என் உடலெடை 62 கிலோ. ஆகவே அது நூற்றுக்கு 8 அளவாகும். அதற்குமேல் யான் ஏற்றவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஒன்றுவிட்டொருநாள், காலை ஆறு மணிக்கு முன், அரைமணி நேரம். மழை பெய்து வழுக்கும் நாளில் இல்லை. மூட்டில் நோவு தோன்றினால் மறுநாளே அரைக் கிலோ குறையும். மாதத்தின் முதல்நாள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கதிரைச் சோதனையைச் செய்து கொப்பியிற் குறிப்பேன். பத்தாம் மாதத்தில் அவ்வெண் பதினைந்து. அவ்வாண்டு மாரிமழையில் இரு மாதம் பயிற்சி தடைப்பட்டது, எண் பதின்மூன்றாயிற்று. தையில் மீண்டும் தொடங்கினேன். சித்திரையில் மீண்டும் பதினைந்து.

இரண்டாம் ஆண்டின் முடிவில் எலும்பை மறுபடி அளப்பித்தேன். கூடவும் இல்லை, குறிப்பிடத்தக்க அளவு குறையவும் இல்லை. வைத்தியர் தந்த மருந்துகளையும் யான் உட்கொண்டு வந்தமையால், தேயாமல் நின்றது சட்டையாலா மருந்தாலா என்று கூற இயலாது. ஒருவன் உடம்பு ஆய்வுகூடமும் ஆகாது. ஆயின் ஐந்து கிலோ அரிசிப் பையோடு மாடிப்படி ஏறுங்கால் இப்பொழுது கைபிடியைத் தேடுவதில்லை. பேர்த்தியைத் தூக்கிக்கொண்டு நிலத்திலிருந்து எழ முடிகின்றது. இவை யாவும் சட்டை அணியாத நேரத்திற் செய்பவை. ஆகவேதான் சட்டையை அளக்கும் அளவுகோல் அதனுள் எத்தனை இரும்புத் துண்டு உள்ளது என்பதன்று என்றும், அதனைக் கழற்றிய பின் உடம்பில் எஞ்சி நிற்பது யாது என்பதே என்றும் யான் முடிவு கொண்டேன்.

இம்மலரை வாசிக்கும் மாணவருக்கு ஒரு சொல். நீங்கள் வளர்பவர்கள், எலும்பு பெருஞ்செல்வமாகச் சேரும் காலம் உங்களுடையது. உதைபந்தாட்டத்திலும் கரப்பந்தாட்டத்திலும் நீங்கள் ஓடியுங் குதித்தும் சேர்ப்பதை எந்தச் சட்டையாலும் பிற்காலத்திற் சேர்க்க இயலாது. மைதானத்தை விட்டு இச்சட்டையைத் தேட வேண்டா. விளையாட்டுக்காக அதனை அணிய விரும்புவோர் பயிற்றுநரின் கண்முன்னே, சிறிய அளவோடு, குறுகிய காலம் அணிக. ஆசிரியர்களுக்கு ஒரு சொல். நாள்முழுதும் நின்று கற்பிப்பதைப் பயிற்சியெனக் கொள்ளாது, நடையைத் தொடங்குக. நடை இலகுவான பின் சுமையை எண்ணுக. என் வயதினருக்கு ஒரு சொல். இதய நோய், முதுகெலும்பு நசிவு, மூட்டு வீக்கம் உடையோர் வைத்தியரைக் கேளாது இதனைத் தொடுதல் ஆகாது. ஏனையோர் உடலெடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று அளவில் தொடங்கி, நூற்றுக்கு பத்தினைத் தாண்டாதிருப்பின், நன்மை பெறலாம். தொடங்கியபின் இடையிடையே விடுவதாயின் தொடங்கியும் பெரும்பயன் இல்லை.

சட்டை இல்லாதோர் வருந்த வேண்டுவதில்லை. இக்கட்டுரையை வாசித்து முடித்ததும், இருக்கும் கதிரையின் கைபிடிகளைத் தொடாமல், மார்பின்மீது கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்து பாருங்கள்; அரை நிமிடத்தில் எத்தனை முறை இயல்கின்றது என எண்ணுங்கள். எண்ணியதை இன்றைய திகதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் அவ்வெண்ணில் ஒன்று கூடுமாயின், இரும்புத் துண்டு ஒன்றுமின்றியே சுமைச் சட்டையின் முதற்பயனை நீங்கள் பெற்றுவிட்டீர்கள்.